இருக்கைக்கு அடியில் ஈரம்

மெக்கானிக்குகள் எல்லோரும் அவளைச் சாவி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கார்களின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர்களை விற்கும் கம்பெனியில், போனில் உதவி சொல்வது அவள் வேலை. ஸ்கேனரைக் காரில் செருகினால் என்ன பழுது என்று திரையில் வர வேண்டும். வராமல் 'தொடர்பு இல்லை' என்று மட்டும் வந்து நின்றால், போன் அவளுக்கு வரும். யார் பேசினாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "சாவியைத் திருப்பி வச்சிருக்கீங்களா?" என்பதுதான். பாதிப் பேர், "அட, மறந்தே போச்சு" என்று அசடு வழிந்து போனை வைத்துவிடுவார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் அவள் கார் ஓட்டியதில்லை. மெத்தைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். அங்கே மெத்தை தைத்தவரையே கட்டிக்கொண்டவள். கடையில் ஆளைக் குறைத்தபோது, குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லி இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். மேசைமேல் ஒரு பலகையில் ஒயர்களையும் சின்னச் சின்னப் பெட்டிகளையும் பொருத்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்குத் தெரிந்த கார் அந்தப் பலகைதான்.

மற்றதெல்லாம் காது வழியாக வந்தது. எதிர்முனையில் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் தலையை விட்டால், திரும்பி வர நேரமாகும். அந்த இடைவெளியில் ஆபீஸ் மாடி ஜன்னலோரம் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கேட்கிற சத்தங்களை வைத்து அவள் ஒரு பட்டறையைக் கட்டத் தொடங்குவாள். போல்ட் ஒன்று விழுந்து நெடுநேரம் உருண்டால் தரை சரிவு. குரல் எதிரொலித்தால் கூரை உயரம். புறா முனகினால், உச்சியில் கண்ணாடி உடைந்த ஒரு ஜன்னல், அதன் வழியாகச் சாய்ந்து விழும் வெயில், வெயிலில் மிதக்கும் தூசி. தூங்குகிறாளோ என்று மேலாளர் ஓரிரு முறை குனிந்து பார்த்ததுண்டு. தூக்கமும் இல்லை, முழு விழிப்பும் இல்லை. ஆனால் எதிர்முனையில் மூச்சு கேட்டதுமே, "சொல்லுங்க" என்பாள்.

அவளை அடிக்கடி கூப்பிட்டவர்களில் ஒருவருக்கு நிதானக்காரர் என்று மனத்துக்குள் பெயர் வைத்திருந்தாள். ஒரு சொல்லை எடுத்து வைத்து, அது உட்கார்ந்த பிறகு அடுத்ததை எடுத்து வைப்பது போலப் பேசுவார். அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் தண்ணீர் ஓடும். ஆற்றங்கரையில் நீளமான ஒரு கொட்டகை, நரைத்த மீசையோடு பெரிய உடம்புக்காரர் ஒருவர். அவளுடைய பட்டறைகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மழை பெய்த ஒரு மதியம் அவர் கூப்பிட்டார்.

"அக்கா, சாவி திருப்பியாச்சு."

"பொழைச்சேன். ஸ்கேனர்ல வெளிச்சம் வருதா?"

"வருது. பேசத்தான் மாட்டேங்குது. சலவைக் கடை வேன் இது."

வெளிச்சம் வந்தால் செருகும் இடத்துக்கு மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். அதே ஸ்கேனரைப் பக்கத்தில் நிற்கும் வேறொரு காரில் மாட்டச் சொன்னாள். அங்கே அது கிளிப்பிள்ளை மாதிரிப் பேசியது. ஆகவே கருவியும் சரி, கேபிளும் சரி, குற்றம் வேனில்தான். டார்ச் அடித்துப் பார்த்ததில் செருகும் இடத்தில் ஊசிகள் எதுவும் வளையவில்லை.

"இப்போ என்னக்கா?"

"கூட்டுக் குடும்பம் மாதிரிதாங்க இது. இன்ஜினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டின்னு எல்லாம் ஒரே ஜோடி ஒயர்லதான் பேசிக்குது. ஒருத்தர் ஓயாம கத்தினா மத்தவங்க பேச்சு எடுபடுமா? ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிப் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் பிளக்கை எடுக்கணும்."

ரேடியோவை வெளியே அனுப்பினார்கள். பயனில்லை. பிரேக் பெட்டியை அனுப்பினார்கள். அதுவும் இல்லை. நடுநடுவே மழையும் ஆறும் ஒன்றாகக் கலந்து அவள் காதில் ஓடின. அவள் மனத்தில் கட்டிய கொட்டகைக்குப் பின்னால் இப்போது ஒரு படகு கூடக் கட்டிக் கிடந்தது.

"அக்கா, என் முட்டி நனையுது."

"மழையா?"

"இல்ல, வேனுக்குள்ள. பக்கத்து சீட்டுக்குக் கீழ விரிப்பு ஈரமா இருக்கு. இங்கயும் ஒரு பெட்டி இருக்கு."

"ஏர்பேக் பெட்டி அது. பேட்டரியைக் கழட்டிக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு அப்புறம் கை வைங்க. அவசரமே வேண்டாம்."

"அவசரம்னா எனக்கு என்னன்னே தெரியாதுக்கா."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பிளக்கைக் கழற்றியபோது ஊசிகளெல்லாம் ஈரத்தில் பச்சைக் களிம்பு பூத்துப் போயிருந்தன. அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்கேனரை மாட்டினார். வேன் பேசியது.

"பெட்டியையும் பிளக்கையும் மாத்திடுங்க," என்றாள்.

"சரி. நீங்க இந்த மாதிரி நிறைய வண்டிக்குள்ள கை விட்டுப் பார்த்திருப்பீங்க, இல்லக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு வண்டிக்குள்ளயும் விட்டதில்லைங்க."

"அப்போ ஒரு நாள் வாங்க," என்றார்.

விடுமுறை நாளில் கணவரோடு பஸ் பிடித்துப் போனாள். ஆறு இல்லை. அடுத்த கடையில் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள், குழாய் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கொட்டகையும் இல்லை. வெள்ளையடித்த சின்ன அறை, இரண்டு வண்டி நின்றால் மூன்றாவது தெருவில். உள்ளேயிருந்து மீசையே இல்லாத ஒல்லியான இளைஞன் வெளியே வந்தான்.

"வா... வா..." என்று தொடங்கிச் சிக்கிக்கொண்டான். முகம் சிவந்தது.

அவள் போனில் காத்திருப்பது போலவே தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். உதவிக்கு எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வாங்கக்கா," என்றான் கடைசியில். "உங்ககிட்ட போன்ல மட்டும் தி... திக்காது."

சலவைக் கடை வேன் திரும்பி வந்து நின்றிருந்தது. புதுப் பெட்டி, புதுப் பிளக் எல்லாம் மாட்டியும் காலையில் மறுபடி ஊமையாகிவிட்டதாம். அவளே ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே மண்டியிட்டாள். இத்தனை பேருக்கு வழி சொன்னவளுக்குச் செருகும் இடம் கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டபோது பிளக்கைத் தலைகீழாக நுழைக்கப் பார்த்தாள்.

"ஹெல்ப்லைனுக்குப் போன் போடட்டுமா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க."

திருப்பிச் செருகினாள். 'தொடர்பு இல்லை.' அந்த எழுத்துகளைத் தன் கண்ணால் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கணவர் இதற்குள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் பஞ்சை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, இதுமேல என்ன வைக்கிறாங்க?"

"துணி மூட்டை."

"ஈரத் துணி. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள குளமே இருக்கு பாரு." அடிப்பக்கம் கைவைத்து அமுக்கினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புதுப் பிளக்கின்மேல் விழுந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, இருக்கையை எடுத்து வெளியே போட்டு, கணவர் உறையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்தார். இளைஞன் பிளக்கைத் துடைத்து ஊதினான். புதுப் பெட்டி தப்பித்திருந்தது. பேட்டரியை மாட்டியதும் மறுபடி அவளே ஸ்கேனரைச் செருகினாள். திரையில் ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரைச் சொல்லி வரிசையாக வந்தது. மாலையில் உறைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வைத்து, ஓரத்தைக் கணவர் கையாலேயே தைத்து முடித்தார். ஈர மூட்டையைப் பின்னால் போடச் சொல்லிச் சலவைக் கடைக்கு இளைஞன் போன் செய்தான். இடையில் ஒரு சொல் சிக்கியது. நிறுத்தி, மூச்சு விட்டு, சொல்லி முடித்தான்.

திரும்பும்போது பஸ் சிக்னலில் நின்றது. சுற்றிலும் கார்கள், வேன்கள், ஒரு ஆம்புலன்ஸ். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் அவற்றையே பார்த்தாள். எல்லாவற்றுக்குள்ளும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சொல்லும், பிரேக் கேட்டுக்கொள்ளும். தெரு முழுக்க ஓயாத பேச்சு.

"எவ்வளவு பேச்சு நடக்குது பாருங்க," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் கணவர், ஊசி குத்திய விரலைச் சப்பியபடி.

பச்சை விளக்கு விழுந்தது. எல்லாம் ஒன்றாக நகர்ந்தன.