அகிலன் லீவில் வந்த நாலு நாள்

சாந்தாமணி கேட்டது பெரிய வரமில்லை. சனிக்கிழமை காலையில் மகனை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். ஆண்பிள்ளைக்கு உகந்த நாள் அது. ஞாயிறு மதியம் அவனுக்கு விமானம். பயணம் கிளம்பும் நாளில் எண்ணெய் முழுக்கு ஆகாது. ஆக, அந்த ஒரு காலைதான்.

கோயமுத்தூர்ப் பக்கமிருந்து டெக்ஸாஸுக்கு வந்து கேட்டி என்ற ஊரில் குடியேறியபோது அகிலனுக்கு மூன்று வயது. வளர்ந்தான், யாரையும் கேட்காமல் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தான். தொண்ணூற்றொன்று பிறந்தபோது வளைகுடாவில் சண்டை வரும்போல இருந்தது. அங்கே அனுப்புமுன் நாலு நாள் லீவு கொடுத்தார்கள்.

சேதி வந்ததும் சாந்தாமணி கோயிலில் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னாள்: "எம் பையன் சண்டைக்குப் போறானுங்க. சாமிகிட்ட அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

வேண்டிக்கொள்ள நாலு வாய் கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவர்கள் வேண்டிக்கொண்டதோடு நிற்கவில்லை. கிளம்புகிற பிள்ளைக்கு விருந்து வைக்காமல் விடுவார்களா? மறுநாளே போன் மணி ஓயவில்லை.

"ஒருத்தரு வீட்டுல கை நனைச்சுட்டு இன்னொருத்தர வேண்டாம்னு சொன்னா மனசு கோணிப்போகுமல்லோ" என்று அவள் வீட்டுக்காரர் சேனாபதி எல்லாருக்கும் சரி சொல்லிவிட்டார்.

புதன் சாயங்காலம் வந்தவன் வியாழனும் வெள்ளியும் ஊரார் பந்தியில்தான் உட்கார்ந்தான். பெற்றவள் பக்கத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி.

சனிக்கிழமை விடிந்தது. முருகா என்று நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினாள். அகிலன் எழுந்திருக்கவே பத்து மணி.

"வா கண்ணு. பத்தே நிமிசம்."

"அம்மா, ஐ ஹேவ் நோ ஹேர்!" ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக் காட்டினான்.

"முடி இல்லீன்னா என்ன, மண்டை இருக்குதல்ல?"

சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றப் போனான். வாசலில் கார் ஹாரன். அன்றைய விருந்துக்காரி ஷ்யாமளாவின் கணவர் அனந்தராமன், தானே டிரைவ் பண்ணி வந்துவிட்டார்.

"ஹீரோ ரெடியா? ஷ்யாமளா காலங்கார்த்தால எழுந்து பண்ணியிருக்கா. ஆறிப்போனா எனக்குத்தான் திட்டு!"

வாசலில் வந்து நிற்பவரை எப்படிக் காக்கவைப்பது? சாந்தாமணி கிண்ணத்தை மூடினாள்.

"வென் வி கம் பேக், மா" என்றான் அகிலன்.

சாப்பாடு முடிந்ததும் அனந்தராமன் வீடியோ போட்டார். பழைய உலக யுத்த காலத்துப் பாட்டுப் படம், கறுப்பு வெள்ளை. லீவில் வந்த சிப்பாய்களைப் பெரிய கூடத்தில் உட்காரவைத்துப் பெண்கள் காப்பி கொடுக்கிறார்கள், பாடுகிறார்கள், கைகோத்து ஆடுகிறார்கள்.

"பாத்தியாடா, உங்க ஆளுங்களுக்கு அப்பவே என்ன கவனிப்பு! எங்களுக்கு டான்ஸ் வராது, அதான் பாயசம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சாந்தாமணி திரையில் வெகுநேரம் தேடினாள்.

"ஏனுங்க, இந்தப் பசங்க ஒருத்தனுக்குக்கூட அம்மா இல்லீங்களா?"

"அம்மாவைக் கூப்பிட்டா அழுவா. அப்புறம் யார் ஆடறதாம்?" என்ற ஷ்யாமளா, சொன்ன பிறகு சாந்தாமணியின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அகிலன் சோபாவிலேயே தூங்கிப்போனான். எழுப்பப் போன சாந்தாமணியின் கையை ஷ்யாமளா பிடித்தாள். "தூங்கட்டும் மாமி. அங்க போனா இப்படித் தூக்கம் ஏது?"

அதுவும் நியாயம்தானே. மகன் தலைமாட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். வெயில் இறங்கியது. பொழுது சாய்ந்தபின் எண்ணெய் வைக்கக் கூடாது. திரையில் ஆடியவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

ஞாயிறு காலை, பூஜை மாடத்தில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், அகிலன் சட்டையில்லாமல் மணையில் உட்கார்ந்திருந்தான். எண்ணெய்க் கிண்ணத்தை அவனே எடுத்து வைத்திருந்தான்.

"நவ், மா. ஐ'ம் ரெடி."

"இன்னைக்கு நீ கிளம்பற நாளு சாமி. ஆகாது."

"இட்ஸ் ஜஸ்ட் ஆயில், மா. ப்ளீஸ்."

அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். சாந்தாமணியின் விரல்கள் கிண்ணம்வரை போயின. போகிற இடம் சாதாரண இடமா? அங்கே அவனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் இந்தக் கையல்லவா காரணமாகும்?

"எந்திரிச்சுச் சட்டையைப் போட்டுக்க கண்ணு" என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே காத்திருந்தது. அவளும் நகராமல் நின்றாள். வெளியே சேனாபதி காரைக் கிளப்பும் சத்தம் கேட்கும்வரை.