மில் பேரைக் கூப்பிட்டபோது

அனந்தபத்மநாபனுக்கு அவருடைய அப்பா விட்டுப்போன சொத்து குரல் ஒன்றுதான். அதை அடகு வைக்க முடியாது என்பதால் மட்டுமே அது இன்னும் அவரிடம் மிஞ்சியிருந்தது. திருவள்ளூர் பெருமாள் கோயிலில் மரியாதை வாங்குகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் குடும்பத்துக் கைங்கரியம். 'அருளப்பாடு' என்று தொடங்கி ஆளின் பெயரைச் சொல்வார். அந்த ஆள் 'நாயிந்தே' என்று பதில் கொடுத்துவிட்டு முன்னால் வந்து தீர்த்தமும் சடாரியும் வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர். ஆள் வராதவரை அடுத்த பெயர் கிடையாது. தூணில் சாய்ந்து தூங்கிப்போன ஒரு பெரிய மனிதருக்காகச் சந்நிதியே காத்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு. யாரும் அவசரப்படுத்தவில்லை. கூப்பிட்டால் ஆள் வரவேண்டும், வந்தால் கொடுக்க வேண்டும். இதில் என்ன அவசரம்?

கைங்கரியத்தில் புளியோதரை கிடைக்கும். புளியோதரையை வீட்டுக்காரனிடம் கொடுத்தால் வாடகை என்று ஏற்றுக்கொள்வானா? அதனால் முறை இல்லாத நாட்களில் அனந்தபத்மநாபன் காக்களூர் பக்கம் இருந்த சந்திரதாரா ரைஸ் மில்லில் கேட்டில் நின்றார். உள்ளே போகும் வண்டி, வெளியே வரும் மூட்டை, எல்லாம் அவர் பார்வையில். சனிக்கிழமை கூலி நேரத்தில் பெயர் கூப்பிடுவதும் அவர்தான். பாய்லர் இரைச்சலையும் தாண்டி அவர் குரல் களத்தின் கடைசி மூலைக்குப் போகும் என்பதுதான் முதலாளி அவரை வேலைக்கு வைத்ததற்கு ஒரே காரணம். ஐம்பது வயது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வலித்தன. வீட்டில் அரவிந்தவல்லி மழைக்காலம் முழுக்க இருமுவாள். மில் சம்பளம்தான் அவளுடைய கஷாயமும் மாத்திரையும். மனிதர் அலுத்துப் போயிருந்தார். அலுப்பைக் காட்ட ஓர் இடம் வேண்டுமே, அது இல்லாததால் காட்டவில்லை.

அந்த வருஷம் ஐப்பசிப் புயல் பழவேற்காட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. கூரை, படகு, வலை எதுவும் மிச்சமில்லை. பட்டணத்து சினிமா நட்சத்திரங்கள் ஊர் ஊராகப் போய் மேடையேறி நிதி திரட்டினார்கள். திருவள்ளூருக்கும் வருகிறார்கள் என்றதும் ஊர் இரண்டாகிவிட்டது, டிக்கெட் கிடைத்தவர்கள் ஒரு பக்கம், கிடைக்காதவர்கள் இன்னொரு பக்கம்.

மில் மானேஜர் சுப்பிரமணி ஒரு சனிக்கிழமை களத்துக்கு வந்து, "புயல் நிதிக்கு எல்லாரும் ஒருநாள் கூலி குடுக்கிறோம்" என்றார். அதாவது, பிடித்தாகிவிட்டது. சில பேர் முணுமுணுத்தார்கள். நெல் காயவைக்கும் குப்பம்மாள் மட்டும் முணுமுணுக்கவில்லை. காலால் நெல்லைத் துழாவித் துழாவிப் பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்த பெண் அவள். புருஷன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. அவளுக்கு வாங்கித்தான் பழக்கம்: கடன், பழைய புடவை, யார் வீட்டிலாவது மிஞ்சிய கஞ்சி. கொடுப்பது என்பது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"இன்னா சாமி, நாம்பளும் குடுத்துட்டோமில்ல?" என்று கேட்டில் நின்ற அனந்தபத்மநாபனிடம் கேட்டாள்.

"குடுத்துட்டேள்" என்றார்.

"நம்ப பேரு சொல்லுவாங்களா?"

"மில் பேரு சொல்லுவா. மில்லுன்னா நீங்கதானே."

அலுப்பில், பேச்சை முடிக்க வேண்டுமே என்பதற்காகச் சொன்ன பதில் அது. அவள் அதை அப்படியே வாங்கி முடிந்துகொண்டு போனாள். களத்துப் பெண்கள் எல்லோரிடமும் சொன்னாள். மில் பேரைச் சொன்னால் அது நம்மைத்தான்.

மேடையில் பெயர் படிக்க ஆள் வேண்டுமென்று விழாக்காரர்கள் கேட்டபோது முதலாளி அனந்தபத்மநாபனை அனுப்பிவைத்தார். அதுவும் மில்லின் உபயம்தான், சம்பளம் கிடையாது. புறப்படுவதற்கு முன் சுப்பிரமணி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம மில்லு பேரு வரும் சாமி. ரெண்டாயிரம்னு படி. ஜனங்க கை தட்டும். மொதலாளி ஒக்காந்த எடத்துலருந்தே கும்பிடுவாரு. நீ நிக்காம அடுத்த பேருக்குப் போய்க்கினே இரு. சால்வய அப்பறமா கீழ வந்து போத்திப்பாங்க."

"ஆகட்டும்" என்றார் அவர். ஏன் நிற்கக்கூடாது என்று கேட்கத் தோன்றவில்லை. முழங்கால் வலித்தது.

மைதானம் கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் சோபாக்கள், பின்னால் நாற்காலிகள், அதற்கும் பின்னால் மண்தரை. மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு மண்தரை டிக்கெட் கிடைத்திருந்தது. அதற்கும் கூலியில்தான் பிடித்தார்கள். சினிமாக் கதாநாயகன் பட்டுச் சட்டையும் பவுடர் முகமுமாக மேடையில் நிற்க, கூட்டத்தின் கூச்சல் அடங்கவே இல்லை. நாட்டியம் முடிந்தது, நகைச்சுவை முடிந்தது. நிதி கொடுத்தவர்களைக் கௌரவிக்கும் நேரம் வந்தது. அனந்தபத்மநாபன் மைக் முன்னால் நின்றார்.

ஜவுளிக்கடை தாவீதைக் கூப்பிட்டார். தாவீது கவரோடு ஏறிவந்து கொடுத்தார், சால்வை வாங்கினார், இறங்கினார். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி அசன் முகைதீனைக் கூப்பிட்டார். தன் கிடங்குக் கூரையே பறந்துபோன மனிதர், ரூபாயைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள், கொடுத்தார்கள், வாங்கினார்கள். அனந்தபத்மநாபனுக்குத் தான் நிற்பது கூத்து மேடை என்பது மறந்தே போயிற்று. பழக்கம் ஏறிக்கொண்டது.

"காக்களூர், சந்திரதாரா ரைஸ் மில்! ரூபாய் இரண்டாயிரம்!"

கை தட்டினார்கள். முதலாளி சோபாவிலிருந்து பாதி எழுந்து, நாலு பக்கமும் கும்பிட்டு உட்கார்ந்தார். சரி, அடுத்த பெயரைப் படிக்க வேண்டியதுதானே? அனந்தபத்மநாபன் படிக்கவில்லை. கூப்பிட்டாகிவிட்டது, ஆள் வரவில்லை. ஆள் வராமல் அடுத்த பெயரை எப்படிச் சொல்வது? நின்றார். கைதட்டல் ஓய்ந்தது. முதலாளிக்கென்று தனியாக வாங்கி வந்த சிவப்புச் சால்வையை விரித்தபடி கதாநாயகனும் நின்றார். சுப்பிரமணி பக்கவாட்டிலிருந்து கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அனந்தபத்மநாபன் சோபா பக்கம் பார்த்தபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"சந்திரதாரா ரைஸ் மில்!"

முதலாளி வெறுங்கையோடு வந்திருந்தார். ஏறிவந்து தட்டில் எதை வைப்பார்? பக்கத்து சோபாக்காரரிடம் ஏதோ அவசரமாகப் பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவன்கூட அந்தத் தேங்காயையாவது கையில் எடுத்துக்கொண்டு வருவான். இவர் அதுவும் செய்யவில்லை.

அப்போதுதான் மண்தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்துகினே கீறேன் சாமி!"

குப்பம்மாள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் இந்தக் குரல் கூப்பிட்டால் போய் நிற்பது அவளுக்குப் பழக்கம். மில் என்றால் நீங்கதான் என்று சொன்னவரே கூப்பிடுகிறார், அதுவும் இரண்டு தடவை. போகாமல் இருந்தால் மரியாதையா? நாற்காலிகளுக்கு நடுவே, வெடித்த பாதத்தோடு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். மேடையேறிக் கதாநாயகனைக் கும்பிட்டாள். அவர் பார்த்தார், சிரித்தார், சிவப்புச் சால்வையை அவள் தோளில் போட்டார். போட்டோக்காரன் விளக்கு பளிச்சென்றது. கூட்டம் ஆரவாரித்தது. அன்று வாங்கின கைதட்டலில் அதுதான் பெரியது.

"நாங்க எல்லாருந்தான் குடுத்தோம்" என்று அவள் சொன்னாள். அது மைக்கில் விழவில்லை. பக்கத்தில் நின்ற அனந்தபத்மநாபனுக்கு மட்டும் கேட்டது.

வீட்டில் அரவிந்தவல்லி இருமலுக்கு நடுவே கேட்டாள். "ஏன்னா, பேரைச் சொல்லிட்டு அசையாம நின்னேளாமே? அடுத்தாத்து மாமி வந்து சொன்னா. அது என்ன பெருமாள் சந்நிதியா?"

"பழக்க தோஷம்டி."

"அந்த மனுஷன் சும்மா விடுவானா?"

"தெரியல. எனக்கு ரொம்ப ஆயாசமா இருக்கு. காலைல பேசிக்கலாம்."

முதலாளி ஒன்றுமே சொல்லவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தவர், அடுத்த இரண்டு நாளும் சிரித்த முகமாகவே இருந்தார். அதற்கடுத்த நாள் விழாப் படத்தோடு பேப்பர் வந்தது. முதலாளி ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு அதை நீட்டினார்.

"மத்தியானம் சோத்து நேரத்துல களத்துல எல்லாருக்கும் படிச்சிக் காட்டு சாமி. நல்லா வந்துருக்குது."

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. குப்பம்மாள் கும்பிட்டபடி, சால்வை தோளில் விழுகிற நேரம். கீழே போட்டிருந்தார்கள்: 'புயலில் வீடிழந்த பழவேற்காட்டு ஏழைப் பெண்ணுக்கு, சந்திரதாரா ரைஸ் மில் அதிபரின் உபயமாகச் சால்வை வழங்கப்படுகிறது. அதிபர் தம் சொந்தப் பணத்திலிருந்து ரூபாய் இரண்டாயிரம் நிதி அளித்தார்.'

அனந்தபத்மநாபன் அதைத் திரும்பவும் படித்தார். "இவ நம்ம குப்பம்மாளாச்சே? குடுத்தவளாச்சே இவ?"

"யாரு குடுத்தா இன்னா சாமி? போய்ச் சேந்தா சரி."

"போய்ச் சேந்துடுத்தா?"

முதலாளியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "அன்னிக்கி மேடையில நின்ன. சரி, வயசானவருன்னு உட்டுட்டேன். இன்னிக்கி கணக்கு கேக்கிற. போட்ருக்கறத படி. நீ படிக்கலன்னா வேற ஆளு படிப்பான். கேட்லயும் அவனே நிப்பான்."

ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. அந்த மில்லில் ஒளிவுமறைவு இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அனந்தபத்மநாபன் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படிக்கவில்லை என்றால் வேலை போகும். படித்துவிட்டுப் பேசாமல் கேட்டுக்குப் போனால் வேலை இருக்கும், அரவிந்தவல்லிக்கு மாத்திரை இருக்கும். பெருமாள்கூட இதில் குறுக்கே வரமாட்டார். அவருக்குப் பார்க்க வேறு வேலை இல்லையா?

களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பேப்பரில் படம் வந்த செய்தி எப்படியோ முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. குப்பம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, அந்த வெயிலில் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேர்த்து வழிந்தது, எடுக்கவில்லை.

"சத்தமா படி சாமி. பாய்லராண்ட கீறவனுக்கும் கேக்கணும். நம்ப எல்லார் பேரும் போட்டுக்கிறாங்களா?"

அவளைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மெதுவாகப் படித்துத் தொலைத்துவிடலாம், பாதி காற்றோடு போய்விடும் என்று எண்ணித்தான் வாயைத் திறந்தார். குரல் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அது முழுசாகத்தான் வந்தது. போட்டிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தார். படித்துவிட்டு, அதே குரலில், "இதுல போட்டிருக்கறது பொய். குடுத்தது நீங்க எல்லாரும்" என்றார். ஆபீஸ் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

குப்பம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னிய பழவேற்காட்டுக்காரின்னா போட்டுக்கிறான்?"

"ஆமாம்மா."

"அப்ப நான் வாங்குனவளா சாமி?"

இத்தனை வருஷம் ஆயிரம் பெயரைக் கூப்பிட்டவர், ஒரு 'இல்லை' சொல்லாமல் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. சங்கு ஊதியது. எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள். வேறென்ன செய்வார்கள்? நெல் காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் சுப்பிரமணி கேட்டுக்கே வந்தார். "நாளைலருந்து வராத சாமி. என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்றார். அவர் குரலிலும் அலுப்புதான் இருந்தது. அனந்தபத்மநாபன் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்பார். பின்னால் குப்பம்மாள் ஓடிவந்தாள். சால்வையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இத்த நான் வச்சிக்கினா அவன் போட்டது நெசமாப் பூடும். நீ பழவேற்காட்டுக்கு எடுத்துக்கினு போ சாமி. அங்க ஊடு போனவ யாருக்காச்சும் குடு. பனி வருது, போத்திக்குவா."

"நீயே வச்சுக்கோயேன் குப்பம்மா. உனக்கும் பனிதானே?"

"நான் குடுக்கிறேன்னு சொல்றேனில்ல? எட்த்துக்க."

வாங்கிக்கொண்டார். புதுச் சால்வை, கனமாகவே இருந்தது. போகிற பஸ்ஸுக்குக் காசு யாரிடம் கேட்பது என்ற யோசனை ஒரு பக்கம் ஓடியது. இருந்தாலும் நாளைக்குக் காலையிலேயே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டார். இனி கேட்டில் நிற்கிற வேலை ஏது?

"யாரு குடுத்தான்னு கேட்டா உன் பேரச் சொல்றேன்" என்றார்.

குப்பம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"என் பேரு சொல்லாட்டியும் பரவால்ல" என்றாள். "மில்லுன்னு மட்டும் சொல்லிடாத சாமி."