ஒன்பதும் பத்தும் திருத்தணியில்

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை. என் அண்ணன் மகள் எந்த வகுப்பை எந்த ஊரில் படித்தாள் என்று அதிகாரிகளிடம் எண்ணிச் சொல்வதற்காக.

சிரிக்காதீர்கள். இதற்குப் போய் இரண்டு நாளா என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – திருப்பதியில் வீடு வைத்திருப்பவளுக்குச் சொந்தக்காரர்கள் பஞ்சமே கிடையாது. மலைக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்... கோடை முடிந்தால் மூன்றாவது வகை, காலேஜ் சீட்டுக்கு வருகிறவர்கள். ரேங்க் வாங்கியவர்கள் நன்றி சொல்ல அலிபிரிப் படியேறுவார்கள். வாங்காதவர்கள் அடுத்த வருடத்துக்காக ஏறுவார்கள். இரண்டு தரப்புக்கும் இட்லி ஊற்றுவது நான்.

இந்த முறை வந்தது என் அண்ணன் முனிரத்தினமும் அவர் மகள் ரேவதியும்.

அண்ணன் ஆந்திர எல்லையோரம் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறார். இன்னொருவர் ஷெட்டில் வேலை. நாள் முழுக்கத் தறி இரைச்சலில் நிற்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். ரேவதி நேர் எதிர். அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் அன்று மழை.

அவளுக்கு டாக்டராக வேண்டும். முதல் தடவை எழுதியபோது ரேங்க் போதவில்லை. எங்கள் பக்கம் அதற்கு 'லாங் டெர்ம்' என்று ஒன்று உண்டு. ஒரு வருடம் ஹாஸ்டலில் அடைத்துவைத்து, அதே பாடத்தை அதே தேர்வுக்கு மறுபடி படிக்க வைப்பார்கள். ரேவதி போனாள். போவதற்கு முன்னால் இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். பின்னல் போட நேரம் இருக்காதாம்.

அந்த ஹாஸ்டலிலிருந்து திரும்பியவள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். நான் ரசம் எடுத்து வருவதற்குள் தட்டைக் கழுவ எழுந்துவிட்டாள்.

"மெதுவா துன்னு கண்ணு. யாரு தொரத்தறாங்க?" என்றேன்.

"பத்து நிமிஷத்துல முடிச்சிடணும் அத்தை. பெல் அடிச்சிடுவாங்க..." என்றவள், இங்கே பெல் இல்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் நின்றாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். ரசத்தையும் அவசரமாகத்தான் குடித்தாள்.

ஆனால் இந்தத் தடவை ரேங்க் வந்தது. நல்ல ரேங்க். திருப்பதியிலேயே கவர்மெண்ட் மெடிக்கல் சீட் கிடைக்கும் என்று அவளுடைய லெக்சரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் செருப்பில்லாமல் அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்தார். இறங்கி வந்த பிறகு இரண்டு நாள் நொண்டினார். நொண்டிக்கொண்டே சிரித்தார்.

சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்கு நானும் கூடப் போனேன். பெரிய ஹால். ஃபைலைக் கட்டிக்கொண்ட பெற்றோர்கள். ஒருவர் முகத்திலும் பிள்ளை பாஸான களை இல்லை. தூக்கம் கெட்ட முகங்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு ஜெயித்தவர்கள் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கே புரிந்தது.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். பள்ளிகள் கொடுத்த ஸ்டடி சர்டிபிகேட்களை வரிசையாக மேஜையில் பரப்பினார். விரலை வைத்து எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு – நகரி. ஒன்பது...

விரல் நின்றது.

"தமிள்நாடா?" என்றார்.

"திருத்தணி சார். பக்கத்துலதான். பஸ் ஏறினா ஒரு மணி நேரம்கூட ஆகாது" என்று அண்ணன் தெலுங்கில் சொன்னார்.

அதிகாரி பஸ் விவரம் கேட்கவில்லை. "நான்-லோக்கல் அண்டி" என்று சொல்லி, பாரத்தில் ஒரு டிக் அடித்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்றாரு இவரு? நம்ம வூடு இங்க கீது. ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க, ஆதார் இங்க. பொண்ணு மட்டும் எப்பிடி வெளியூரு ஆவும்?"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரேவதி தரையைப் பார்த்தாள்.

விதி இதுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடியும் வரை, நாலு வருடம், தொடர்ந்து நம் வட்டாரத்திலேயே படித்திருக்க வேண்டும். அப்போதுதான் லோக்கல். சீட்டில் பெரும்பங்கு லோக்கலுக்குத்தான். ரேவதி இன்டர் படித்தது திருப்பதியில். ஆனால் ஒன்பதும் பத்தும் திருத்தணியில், அவள் சித்தி வீட்டில் தங்கி. எல்லைக்கு அந்தப் பக்கம்.

அந்த விதி தப்பா? அப்படியும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வெளியிலிருந்து வந்து யாரும் அள்ளிக்கொண்டு போகாமல், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கட்டும் என்று போட்ட விதி. தறி ஓட்டுகிறவர் மகளுக்காகவே போட்ட விதி என்றுகூடச் சொல்லலாம். அது அவளையே வெளியே நிற்க வைத்தது.

சரி... இங்கே வெளியாள் என்றால் தமிழ்நாட்டில் கேட்கலாமே? வராந்தாவுக்கு வந்து வேலூரில் டீச்சராக இருக்கும் என் தோழிக்கு போன் போட்டேன்.

"பன்னெண்டாவது எங்க படிச்சா?" என்று கேட்டாள்.

"திருப்பதி."

"அப்பா அம்மாவுக்கு இங்க நேட்டிவிட்டி இருக்கா?"

"இல்ல. நகரிதான்."

"அப்போ இங்க அவ அதர் ஸ்டேட்பா" என்றாள், வருத்தத்தோடு.

இரண்டு மாநிலம். இரண்டு பாஷையும் பேசுகிற பெண். இரண்டிலும் வெளியாள். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினேன்.

அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். டிக் அடித்த கையோடு விட்டுவிடாமல் என்னைக் கூப்பிட்டார். ஓபன் பிரிவில் கொஞ்சம் சீட் உண்டு, அப்பா பத்து வருடமாக இந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்று சர்டிபிகேட் கொண்டுவந்தால் அந்த லிஸ்டில் சேர்க்கலாம், நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்றார். அண்ணன் நகரியில் பிறந்து ஐம்பது வருடம் ஆகிறது. பத்து வருடத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நகரி எம்.ஆர்.ஓ. ஆபீஸ், அதாவது தாசில்தார் ஆபீஸ், வாசலில் மூன்று பேரும் நின்றோம்.

"சார் மீட்டிங்லோ உன்னாரு" என்றார் கிளார்க்.

எந்த மீட்டிங்? எப்போது முடியும்? அவருக்கும் தெரியவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. புங்க மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். அண்ணன், நடுவில் ரேவதி, நான். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

திடீரென்று அண்ணன் பேசினார். மெதுவாக. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எம்மேலதான் தப்பு கண்ணு. நான் உன்ன அங்க அனுப்பாம இருந்திருந்தா, இன்னிக்கு இப்பிடிக் குந்திக்கினு இருக்க வேணாம்."

ரேவதி ஃபைலை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். பிறகு, என் ஆயுளில் அவளிடம் நான் கேட்ட மிக நீளமான பேச்சைப் பேசினாள்.

"இங்க எட்டாவதுல சயின்ஸ் டீச்சரே இல்ல நைனா. கைடைப் பாத்து ஆன்சரை போர்டுல எழுதிப் போடுவாங்க, நாங்க காப்பி பண்ணிக்கினு இருந்தோம். அங்க போனப்பறம்தான் ஹார்ட்டுன்னா இன்னான்னே தெரிஞ்சுது. அந்த டீச்சரு கறிக்கடையிலேர்ந்து ஆட்டு ஹார்ட்டு வாங்கியாந்து, கிளாசுலயே அறுத்துக் காமிச்சாங்க. எல்லாம் சீன்னு ஓடிப்போச்சுங்க. நான் மட்டும் உள்ள வெரலை வுட்டுப் பாத்தேன். அன்னிக்குதான் டாக்டருக்குப் படிக்கணும்னு நெனச்சேன். நீ அங்க அனுப்பலன்னா நான் லோக்கலா இருந்திருப்பேன் நைனா. ரேங்க் வந்திருக்காது."

அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் என்றார். நாங்கள் நிழலில்தான் உட்கார்ந்திருந்தோம்.

எம்.ஆர்.ஓ. வந்தபோது மணி மூன்றரை. மனிதர் எங்களைவிடக் களைத்திருந்தார். காகிதத்தைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார், "எம்.பி.பி.எஸ்-ஆ?" என்று கேட்டார், உடனே கையெழுத்துப் போட்டார். இன்டர்நெட் சென்டரில் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலே முக்காலுக்கு ஏறியது. அண்ணன் அந்த ஸ்கிரீனைப் பார்த்துக் கும்பிட்டார்.

முதல் ரவுண்டில் ரேவதியின் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் வந்தது. சைலஜா – லாங் டெர்மில் அவள் பக்கத்துக் கட்டில். ரேங்கில் ரேவதிக்கு ரொம்பப் பின்னால் இருந்தவளுக்கு லோக்கல் லிஸ்டில் திருப்பதியிலேயே சீட். அதைச் சொல்ல முடியாமல் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். ரேவதி தெலுங்கில் அவளைச் சமாதானப்படுத்தினாள் – உன்மேல் என்ன தப்பு, நீயும் அதே பெல்லுக்குத்தானே எழுந்தாய் என்று. போனை வைத்த பிறகு என் சமையலறைக்கு வந்து, கேட்காமலே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணம் வேண்டியிருந்தது போலிருக்கிறது.

இன்னொரு வருடம் லாங் டெர்ம் என்று யாரோ ஒரு உறவுக்காரர் போனில் யோசனை சொன்னார். "நீ போய் இருந்து பாரு அங்க" என்று அண்ணன் போனில் கத்தினார். கத்தலைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது ரவுண்டில் வந்தது. ஓபன் பிரிவு. மாநிலத்தின் அந்தக் கோடி, ஸ்ரீகாகுளம் பக்கம். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். இவள் காலேஜுக்கு ரயிலில் ஒரு நாள் போக வேண்டும்.

"அவ்ளோ தூரம். நம்ம பேச்சு பேச ஒரு ஆளு இருக்காது கண்ணு" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெலுகு வரும் நைனா" என்றாள் ரேவதி. பழையபடி நாலு வார்த்தை.

திருப்பதி ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். அண்ணனும் கூடப் போகிறார், சேர்த்துவிட்டு வர. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி புறப்படும்போது கையசைப்பாள் என்று நான் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். அசைக்கவில்லை. கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து. அண்ணன் அவள் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் தன் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய காலேஜில் இடம் பிடிப்பது பிள்ளைகளின் மூளைக்கான பரீட்சை என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். பாதிதான் அது. மீதிப் பாதி பெற்றோருக்கு... பிள்ளைக்குப் பதிமூன்று வயதாகும்போது, கேள்வித்தாளே காட்டாமல் வைத்துவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி போன் செய்தாள். அவள் மகள் எட்டாவது முடிக்கப் போகிறாளாம். "ஒரு நல்ல ஸ்கூலா சொல்லுக்கா" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. எல்லைக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்றுதான் கேட்டேன்.