செவ்வாய் புத்தி முடியும் வரை

விஜயகலாவின் இடது மார்பில் இருந்த கட்டியை உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவள் கணவன் இருளப்பன் டொக்டரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே வந்ததும் நேரே கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஜோசியர் இந்திரகுமாரின் கடைக்கு அவளைக் கூட்டிப் போனான். சட்டைப் பையிலிருந்து அவளுடைய ஜாதகத்தை உருவி மேசையில் வைத்தான். அதை ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"புதன் திசையில செவ்வாய் புத்தி இப்பதான் தொடங்கியிருக்கு" என்றார் இந்திரகுமார். "செவ்வாய்னா கத்தி, ரத்தம். இந்தக் காலத்துல ஒடம்புல இரும்பு படக் கூடாது. வாற தையோட முடியுது. பிறகு செஞ்சா பயமில்ல."

தை போய் மாசி பிறந்திருந்த சமயம் அது. அடுத்த தைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது.

மகள் ஷாமிளா ரப்பர் தோட்டத்து லயத்தில் வீட்டு வாசலிலேயே தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். "கட்டிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமாப்பா? தை வரைக்கும் வளராம இருக்குமா?"

"நீ படிச்சவ, பேசுவ. ஒனக்கு வேலை எப்ப கெடைக்கும்னு இதே ஆளுகிட்டதான போய்க் கேட்ட?"

ஷாமிளா போய்க் கேட்டது உண்மைதான். விளையாட்டுக்குத்தான் போனாள். குரு புத்தியில் கிடைக்கும் என்றார், கிடைத்தது. அன்றிலிருந்து அவளால் முழுதாகச் சிரிக்கவும் முடியவில்லை, முழுதாக நம்பவும் முடியவில்லை.

இருளப்பனுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. பல வருடங்களுக்கு முன் ரப்பர் பெக்டரியில் ரோலருக்குள் அவனுடைய வலது கை முழங்கை வரை போய்விட்டது. அப்போது ஜாதகம் பார்த்தவர், உங்கள் பெண்சாதியின் ஜாதகம் சுத்தமானது, அந்தப் பலத்தில்தான் உயிர் தங்கியது என்றார். அன்று முதல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஜாதகத்தையும் வைத்துக் கும்பிடுகிறான்.

அந்த ஜாதகம் பொய் என்பது உயிரோடு இருப்பவர்களில் விஜயகலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் பிறந்தது விடியற்காலையில், தோட்டத்து ஆட்களை வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடித்த நேரம். அந்த நேரத்துக்கு எழுதிய ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய் நின்றது. புருசனுக்கு ஆகாது என்று வந்த மாப்பிள்ளை வீடெல்லாம் திரும்பிப் போனது. கடைசியில் அவள் தகப்பன் குருவிட்டயில் ஒரு ஜோசியரைப் பிடித்து, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை விடுகிற நேரத்துக்குப் பிறந்ததாக வேறொன்று எழுதி வாங்கினார். "ரெண்டு மணித்தியாலந்தான். யாரு வந்து பார்க்கப் போறா?" என்றார். இருளப்பன் வீட்டார் பார்த்தது அதைத்தான்.

விஜயகலாவும் திசை புத்தியை நம்புகிறவள்தான். அதனால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மழையில் மரங்கள் நனைந்து பால் வெட்டு நின்ற ஒரு நாளில், சொந்தக்காரர் வீட்டுக்கென்று சொல்லிவிட்டு ரம்புக்கனைக்குப் பஸ் ஏறினாள். அவளை அறியாத ஒரு ஜோசியரிடம், தான் பிறந்த அந்தத் தப்பு அடித்த நேரத்தைச் சொன்னாள்.

அவர் அதைப் போனில் தட்டிப் பார்த்தார். "யாரு ஜாதகம்?"

"எங்க அக்காவோடதுங்க. ஒப்பரேசன் ஒன்னு இருக்கு."

"சதய நட்சத்திரம். இப்ப புதன் திசையில சந்திர புத்தி ஓடுது. இப்பவே செஞ்சுக்கச் சொல்லுங்க. அடுத்து வாறது செவ்வாய்."

"ரெண்டு மணித்தியாலம் பிந்திப் பொறந்திருந்தா என்னாங்க ஆவும்?"

"எல்லாம் ஒன்றரை வருசம் முந்திரும். பொறக்கிற நேரத்துல சந்திரன் அந்த நட்சத்திரத்துல எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்த்துத்தான் மொத திசையில எவ்வளவு மிச்சம்னு சொல்றது. அங்க பிழைச்சா கடைசி வரைக்கும் பிழைதான். ஏன், நேரத்துல சந்தேகமா?"

"இல்லைங்க. நேரம் சரிதான்."

அவர் மறுபடி போனைப் பார்த்தார். "ஏழுல செவ்வாய் இருக்கே. அக்கா புருசன் நல்லா இருக்காரா?"

அவள் எழுந்துகொண்டாள்.

அன்று பின்னேரம் இருளப்பன் ஒற்றைக் கையால் சோறு வடித்து வைத்திருந்தான். அவள் தட்டை எடுக்காமல் நின்றாள். "ஏங்க, இப்பவே போயிருவமா ஆஸ்பத்திரிக்கு?"

"நீயுமா?" அவன் சோற்றுப் பானையை மூடினான். "ஒப்பரேசன் மேசையில நீ போயிட்டா நான் யாரு வாசல்ல போய் நிக்கிறது? ஒன் ஜாதகந்தான் என்னைய இழுத்துப் பிடிச்சிச்சு. அத மீறச் சொல்லாத புள்ள."

அவனுடைய சட்டையின் வலது கை மடித்து ஊசி குத்தியிருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அவனுக்குச் சோறு போட்டாள்.

ஷாமிளா இரண்டு முறை லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். "நான் கையெழுத்து வைக்கிறேம்மா, வாங்க." இரண்டு முறையும் விஜயகலாவே மறுத்தாள். "தை வரட்டும்." போக வேண்டுமானால் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னால் அவன் முதலில் தன் இல்லாத கையைப் பார்ப்பான். அதற்குப் பிறகு அவளைப் பார்ப்பான். கத்திக்கும் சாவுக்கும் பயப்படாதவள் அந்தப் பார்வைக்குப் பயந்தாள். ஆடியில் கட்டி உடைந்து நீர் வடிந்தது. பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனாள். கார்த்திகைக்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை.

தை முடிந்து நல்ல நாளும் பார்த்துப் போனார்கள். டொக்டர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங் கபன்ன பே, அம்மே" என்றார் மெதுவாகச் சிங்களத்தில். இனி வெட்ட முடியாது. ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

பஸ்ஸில் இருளப்பன் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு தனக்கே சொல்வதுபோலச் சொன்னான். "செவ்வாயில வெட்டியிருந்தா அன்னைக்கே போயிருப்ப. இந்த ஒரு வருசமாவது கெடைச்சிச்சு."

"ஆமாங்க" என்றாள்.

பங்குனியில் ஷாமிளாவுக்குக் கல்யாணத்துக்கு ஒரு இடம் வந்தது. விஜயகலா கட்டிலோடு கிடந்தாள். இருளப்பன் மகளின் ஜாதகத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"பொருத்தம் கொஞ்சம் இடிக்குதாம். பொறந்த நேரத்த அரை மணி தள்ளிப் போட்டா சரியா வருமாம். இந்திரகுமார் எழுதித் தாறேங்கிறாரு. நீ இருக்கையிலேயே முடிச்சிருவோம்."

"வேணாங்க."

"எல்லாரும் செய்யிறதுதான? அரை மணிதானே."

"வேணாம். என்னோடதையும் அப்படித்தான் மாத்துனாங்க."

அவன் முதலில் விளங்காதவன்போல இருந்தான். "எவ்வளவு?"

"ரெண்டு மணித்தியாலம்."

ஜோசியர் வாசல்களில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கே கணக்குப் பழகியிருந்தது. இடது கை விரல்களைக் கட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் போனான். நடுவில் கட்டை விரல் நின்றது.

"செவ்வாய் எங்க நின்னிச்சு?"

"ஏழுல."

மடித்த சட்டைக் கையைப் பார்த்தான். அவள் பயந்து கிடந்த பார்வைக்காகக் காத்திருந்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. கட்டை விரல் மறுபடி நகர்ந்து, அடுத்த விரலில் நின்றது.

"அப்ப போன வருசம்?"

"சந்திர புத்திங்க" என்றாள் விஜயகலா. "நல்ல புத்தின்னாங்க."