நைனா பார்த்த கோடு

அந்தக் கண்ணாடித் தொட்டியை நினைத்தாலே என்னால் இன்றும் ஓரிடத்தில் உட்கார முடியாது. மீன் வளர்க்க வாங்கியது. என் தங்கை அதைக் கவிழ்த்து, உள்ளே மேல்பக்கம் கம்பளித் துணி ஒட்டி, ஆல்கஹாலில் ஊறவைத்து, அடியில் கறுப்புத் தகடு வைத்திருந்தாள். தகட்டைக் கடுமையாகக் குளிரவைத்தால் உள்ளே பனிமூட்டம் நிற்கும், வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற துகள் அதில் கோடு கிழித்துப் போவது கண்ணுக்கே தெரியும் என்றாள்.

இயற்பியல் மேல்படிப்புக்கு அவளுக்கு வெளியூரில் இடம் கிடைத்திருந்தது. சேருகிறேனா இல்லையா என்று மறுநாளுக்குள் சொல்லியாக வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் விடும் எங்கள் நைனா மசியவில்லை. "கூடைய தொறந்து காட்டாம நான் ஒரு மீன்கூட ஏலம் வுட்டது இல்ல. நேரம் நீளுது, சுருங்குதுன்றியே, அத்த கண்ணுல காட்டு. காட்டிட்டு போ." அம்மா போனபின் அவருக்கு நாங்கள் இரண்டு பெண்கள்தான். மனுஷனுக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமாம்!

தங்கை அவருக்கு ஊர்க்கணக்கில் விளக்கினாள். மியூவான் பிறக்கும் உயரத்தைப் படுக்கப் போட்டால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரும். அதன் அற்ப ஆயுசுக்கு, வெளிச்சத்தை ஒட்டிய வேகத்தில் ஓடினாலும், எண்ணூரைத் தாண்டுமுன்பே அநேகமாகச் செத்திருக்க வேண்டும். ஆனால் மலை உச்சியிலும் கடற்கரை மட்டத்திலும் எண்ணிப் பார்த்தவர்கள், கணக்குக்கு மிஞ்சி வந்து சேர்வதைக் கண்டார்கள். வேகமாக ஓடும் பொருளுக்கு நேரம் மெதுவாக நடக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஐஸ் என் பொறுப்பு என்று நைனா மார் தட்டினார். சாதாரண ஐஸைவிடப் பல மடங்கு குளிரும் டிரை ஐஸ்தான் வேண்டும் என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டும், விசைப்படகுக்குப் போடுகிற ஐஸை உடைத்துக் கல்லுப்பு கலந்து கொண்டுவந்தார். "உப்பு போட்டா குளிரு ஏறும். எங்களாண்ட சொல்றியா?" ஏறியது, போதவில்லை. ஜன்னலை மூடி டார்ச் அடித்தால் தொட்டிக்குள் லேசாய் ஒரு மங்கல், அவ்வளவுதான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

ஜெயித்த மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா? "சொம்மா குறுக்க நெடுக்க நடக்காதடி, பேஜாராகீது" என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும் ஷெட்டில் கெஞ்சி, தெர்மகோல் பெட்டியில் டிரை ஐஸோடு திரும்பினார். "கையால தொடாத, தோலு உரிஞ்சிக்கும்." தோற்கப்போகிற பந்தயத்துக்கு அவரே ஐஸ் சுமந்து வருகிறாரே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கொஞ்ச நேரத்தில் மூட்டம் தகட்டோடு படிந்தது. பிறகு, நூல் பிரிந்து விழுந்ததுபோல வெள்ளையாய் நீளக் கோடு ஒன்று வந்து கலைந்தது. அப்புறம் இன்னொன்று.

"இதானா?"

"இவ்ளோ நேரா போறது அநேகமா மியூவான்தான் நைனா. ஆனா இது மட்டும் சாட்சி ஆவாது, எத்தினி வருதுன்னு எண்ணணும்," என்றாள் தங்கை. அந்த நேரத்திலும் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

நைனா தொட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ரொம்ப நேரம் பொயச்சிக்கினு வருதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்கு அதே சின்ன ஆயுசுதான். நின்னுகினு பாக்கற நமக்குத்தான் நீளம்."

"அப்ப ஓடறவங்களுக்கு ஒண்ணும் இல்ல." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சரி, போய்ட்டு வா. சேர்றேன்னு சொல்லிடு."

அவளை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். நைனா கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மணி என்ன என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"இன்னும் அவ்ளோதான் ஆவுதா?" என்றார்.