தகரமாய்ப் போன சாவி

எங்கள் மோட்டார் சைக்கிளின் சாவியைச் சண்டியன் ஒருவன் உருவிக்கொண்டு போனபோது அப்பா அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தி. வெள்ளிக்கிழமை, சனம் நிறைந்த நேரம். கலவரத்தில் எரிந்த தமிழர் கடைகளுக்கு மறுபடியும் கூரை போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. அந்தச் சந்தி அவனுடையது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஹெட்லைட்டின் முதுகில் இருந்த சுவிட்சிலிருந்து சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றி, "வேணும்னா வந்து கேளுங்க மாத்தயா, தாரேன்" என்று சிங்களத்தில் ஐயா போட்டுக் கேலியாகச் சொன்னானாம். அப்பா கேட்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அது தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன சீமை வண்டி. என்னைப் போல மூன்று மடங்கு வயது அதற்கு. அப்பாவுக்கு நாலந்தா, நாவுலப் பக்கம் வாய்க்கால்களைப் பார்வையிடுகிற உத்தியோகம். அந்த வண்டி இல்லாமல் அது நடக்காது. எங்கே போவதானாலும் அந்தச் சந்தியைத் தாண்டியாக வேண்டும்.

மறுநாள் அப்பா கடைத்தெருவில் வெட்டாத வெறும் சாவி ஒன்று வாங்கிவந்து, வண்டியை முன்னறைக்குள் ஏற்றி நிறுத்தி, பழைய பத்திரிகையை விரித்து உட்கார்ந்தார். ஹெட்லைட்டின் கண்ணாடியைக் கழற்றி, வயர்களுக்கு ஒவ்வொரு நிற நூலாகக் கட்டி அடையாளம் வைத்து, சுவிட்சை வெளியே எடுத்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"அத்தான், ரெண்டு வயரையும் முறுக்கி விட்டா வண்டி ஓடுமே. எதுக்கு இந்த ஆப்பரேசன்?"

"ஓடும். களவெடுத்த வண்டி மாதிரி ஓடும்."

"அப்ப கடையில ஒரு சாவி வெட்டிக்கிறது."

"அவன் கையில இருக்கிறதும் வேலை செய்யுமே."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்னங்க? அவன் எதிர்பார்க்கிறது அவ்வளவுதானே."

"இன்னைக்குச் சாவி. நாளைக்கு நம்ம வீட்டுக் கேட்டைத் திறக்கவும் அவனைத்தான் கேக்கணும்."

சுவிட்சின் பின்பக்கத் துளையில் ஆணியை விட்டு அமுக்கியதும் பூட்டின் உருளை வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் ஐந்து பித்தளைத் தகடுகள், ஐந்து ஸ்பிரிங்குகள், நான்தான் எண்ணினேன். ஒவ்வொரு தகட்டிலும் துளை ஒவ்வொரு உயரத்தில் இருந்தது. அவற்றின் வரிசையை மாற்றிவிட்டால் பழைய சாவி திரும்பாது என்று அப்பா எனக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்பிரிங் தெறித்துப் பறந்தது. நாங்கள் மூவரும் தவழ்ந்து தேடினோம். மாமாவின் தலை மேசையில் இடித்ததுதான் மிச்சம்.

"நாலு போதும்" என்றார் அப்பா. "ஒரு பல் விழுந்தா சோறு தின்னாமலா இருக்கோம்?"

நாலு தகடுகளையும் இடம் மாற்றிப் போட்டார். புதுச் சாவியை அரத்தால் ராவுவதும், உருளைக்குள் விட்டுப் பார்ப்பதும், துருத்திக்கொண்டிருக்கும் தகட்டுக்காக மறுபடி ராவுவதுமாகப் பகல் முழுக்கப் போயிற்று. கடைசியில் அது திரும்பியது. முற்றத்தில் வண்டி உறுமியபோது மாமாகூடக் கை தட்டினார்.

திங்கட்கிழமை காலையில் அம்மா என் புத்தகப் பையைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டினாள். "இவனையும் ஏத்திட்டுப் போங்க, பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போகலாம்" என்றாள். அப்பா வேண்டாம் என்றார். "இவன் இருந்தாத்தான் நீங்க சண்டைக்கு நிக்க மாட்டீங்க" என்றாள் அம்மா.

அவள் கணக்குத் தப்பியது. அப்பா நேராகச் சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கடை வாசலில் இருந்தவன் விரலில் பழைய சாவியைச் சுழற்றிக்கொண்டே எழுந்து வந்தான். பெஞ்சியில் ஏழு பேர் இருந்தார்கள்.

"என்ன மாத்தயா, கேக்க வந்தீங்களா?" என்றான் சிங்களத்தில்.

"இல்ல. போட்டுப் பாரு" என்றார் அப்பா, அதே பாஷையில்.

அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், சாவியை சுவிட்சில் நுழைத்தான். நுழைந்தது, திரும்பவில்லை. இடது பக்கம் முறுக்கினான், வலது பக்கம் முறுக்கினான். பெஞ்சியில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். நான் அப்பாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தேன்.

"நீயே வச்சுக்க. அது இப்ப தகரம்" என்றார் அப்பா.

அவன் கையை எடுக்கும்வரை காத்திருந்து, புதுச் சாவியைப் போட்டு உதைத்தார். முதல் உதைக்கு வண்டி கிளம்பவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குக் கிளம்பிற்று. அவன் வழியை விட்டு விலகிக்கொண்டான்.

சாயங்காலம் அதை நான் மாமாவுக்கு நடித்தே காட்டினேன். "அப்பாவுக்குப் பயமே இல்ல!" என்று கத்தினேன்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"நான்தான் கட்டிப் பிடிச்சிருந்தேனே. வண்டிதான் கிடந்து நடுங்கிச்சு. சாவியைக் கழட்டி வச்ச பிறகும் நடுங்கிச்சும்மா, பழைய வண்டிதானே."

மாமா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என் கதை இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் ஒருவரும் இன்னொரு தடவை கேட்கவில்லை என்று எனக்கு ஒரே கோபம்.