ஏரம்பு சங்கத்தை விட்ட கதை

எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடிய மோட்டார் வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர் ஏரம்பு. 1967 மாரியில் ஒரு நாள் அவர் ஊர்காவற்றுறைக் கள்ளுத் தவறணையில் நினைவில்லாமல் கிடந்தார். தீவில் மனைவி இராசமணிக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு கண்டுவிட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வள்ளம் அக்கரையில் கட்டியபடியே நின்றது. பிள்ளை செத்துப் பிறந்தது. அன்றோடு குடியை விட்டார்.

வள்ளத்தின் சொந்தக்காரர் அம்பலவாணர் ஒரு நிபந்தனை போட்டார். ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன் வாசிகசாலையில் அவர் நடத்தும் மதுவிலக்குச் சங்கத்துக்குச் சனிதோறும் வரவேண்டும், வந்தால்தான் சுக்கான்.

சங்கத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, தாம் குடித்துச் சீரழிந்த கதையைச் சொல்லவேண்டும். அதற்கு முன் வாயை ஊதிக் காட்டவேண்டும். காணிக்காரர் வீட்டு ஆட்களை யாரும் ஊதச் சொன்னதில்லை; அவர்கள் கையெழுத்து வைத்தால் போதும். ஏரம்பு ஊதினார். மணந்து பார்த்த பிறகே அவருக்கு உட்காரக் கதிரை. குடி எல்லோரையும் ஒரே மாதிரித்தான் விழுத்துகிறது. தூக்கிவிட வந்தவர்கள்தான் ஆள் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற லிகிதர் தம்பிஐயாவுக்கு அந்தச் சங்கம் உயிர். சொல்லச் சொல்ல அவருக்குப் பாரம் குறைந்தது. அவர் முகம் தெளிந்து வந்ததை ஏரம்புவே கண்டார். ஏரம்புவுக்கோ ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நா வறண்டது. திரும்பும் வழியில் தவறணை வேலியைப் பிடித்தபடி நின்ற சனிக்கிழமைகளும் உண்டு. மற்ற நாட்களில் அந்தத் தாகம் அவ்வளவு வருவதில்லை. வெளியூர்ப் பெரியவர்கள் வந்தால் அம்பலவாணர் முதலில் எழுப்புவது அவரைத்தான். சங்கத்தில் அதைவிட நல்ல கதை இல்லை.

ஒரு நாள் சந்தைக்குப் போன இராசமணி வெறும் பையோடு திரும்பினாள். மீன் விற்கும் மாக்கிறேற், செத்துப் பிறந்த பிள்ளைக்குத் தலை நிறைய மயிராமே என்று பரிவோடு கேட்டிருந்தாள்.

"அதையுமே சொன்னனீங்கள்?" என்றாள் இராசமணி.

அதன்பின் ஏரம்பு சங்கத்துக்குப் போகவில்லை. மூன்றாம் சனி கழிய, தம்பிஐயா கடல் கடந்து அவரைத் தேடி வந்தார்.

"தனிய நிண்டு வெல்ல ஏலாது, ஏரம்பு. நான் நிண்டு பார்த்தனான். ரெண்டு நாள் தாங்கேல்லை."

"உங்களுக்கு அது மருந்து, அண்ணை. எனக்கு அது தவறணைக்குப் போற வழி."

"ஊதுறதுதான் உமக்கு வெக்கமெண்டால் நான் அம்பலவாணரோடை கதைக்கிறன்."

"ஆயிரம் தரம் ஊதுறன். செத்த பிள்ளையைச் சனிக்குச் சனி தூக்கிக்கொண்டு வர ஏலாது."

தம்பிஐயா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து போனார்.

அடுத்த கிழமை சுக்கான் வேறொருவர் கைக்குப் போனது. சங்கத்துப் பதிவேட்டில் ஏரம்புவின் பெயருக்கு நேரே 'மீண்டும் குடிக்குப் போனவர்' என்று சிவப்பு மையால் எழுதினார்கள். அதை எழுதுமுன் அவர் வாயை யாரும் மணந்து பார்க்கவில்லை.

அதன்பின் அவர் சின்னத் தோணியொன்றில் மீன் பிடித்துப் பிழைத்தார். தீவில் கள் இறக்கி விற்கும் பின்னேரங்களில் மட்டும் வலையில்லாமல் தனியே கடலுக்குப் போவார். நங்கூரம் போட்டுக் குந்தியிருந்துவிட்டு, கள் விற்று முடிந்தபின் திரும்புவார். ஒளித்துக் குடிக்கப் போகிறார் என்றது ஊர். அவரோடு தோணியில் ஏற ஒருவரும் இல்லை.

சங்கத்தை விட்ட பதினோராவது வருடம், ஒரு சனிக்கிழமை, சங்கத்துக்கு ஆட்களை ஏற்றிய வள்ளம் அவரருகே போனது. அவரைச் சுட்டிக்காட்டி, புதிதாய் வந்த ஒருவனுக்கு யாரோ அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் உரத்துச் சொன்னதால், பிள்ளையின் தலைமயிர் வரைக்கும் ஏரம்புவுக்குக் கேட்டது.

அவர் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். கள் விற்று முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நங்கூரக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார்.